பினோ நுவார்: ஒரே தோட்டத்தின் ஆறு அறுவடைகளை ஒப்பிட்டுச் சுவைத்த அனுபவம்

ஒரே தோட்டத்தில் விளைந்து ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வரும் ஒயினின் பல ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால், அந்தந்த ஆண்டின் வெயிலும் மழையும் கிளாஸில் தெரியும் என்பார்கள். முதல் சுற்றில் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. ஆறு கிளாஸிலும் செர்ரி ஜாம், வனிலா, மூக்கில் ஏறும் சாராய நெடி, அவ்வளவுதான். இரண்டாம் சுற்றில்தான் ஆண்டுகள் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. ஒயின் அதேதான், சுவைத்தவர்களும் அதே ஐந்து பேர்தான். மாறியவை வெப்பநிலை, ஊற்றிய அளவு, வரிசை, பாட்டிலை மறைத்த விதம். இவற்றில் எது பயன்பட்டது, எது வீண் என்பதைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவைக்கிறேன்.

பினோ நுவார் என்ற திராட்சையில் செய்த இந்தச் சிவப்பு ஒயின் கலிஃபோர்னியாவின் சொனோமா மாவட்டத்து ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. பசிபிக் கடலிலிருந்து மாலையில் ஏறிவந்து மறுநாள் முற்பகல்வரை விலகாமல் கிடக்கும் மூடுபனிதான் அந்தப் பகுதியின் அடையாளம். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். அதனால் பழம் நன்றாகக் கனியும். புளிப்பையும் ஓரளவு விடாமல் வைத்திருக்கும். 1983இல் தனித் திராட்சைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இந்தப் பள்ளத்தாக்கில் மெலிதான பினோ நுவாரும் உண்டு, கனமானதும் உண்டு. நான் சேர்த்தது கனமான வகை. நன்கு முற்றிக் கனிந்த பிறகு பறித்து, கணிசமான பங்கைப் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாயில் வைத்தது.

2013, 2015, 2017, 2018, 2020, 2021 ஆகிய அறுவடைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில். 2013 தவிர மற்றவை வெளியான காலத்திலேயே வாங்கியவை; பாட்டில் சராசரியாக 65 டாலர். 2013 பிற்பாடு ஏலத்தில் கிடைத்தது, ஒன்று 95 டாலர். ஆகப் பன்னிரண்டு பாட்டிலுக்கு 840 டாலர். ஐந்து பேரும் பங்கிட்டுக்கொண்டோம். இல்லாவிட்டால் இந்த விளையாட்டு எனக்குக் கட்டுப்படியாகாது.

லேபிள்களில் ஆல்கஹால் 14.2 சதவீதத்திலிருந்து 14.9 வரை அச்சிடப்பட்டிருந்தது. அந்த எண்ணை வைத்து ஆண்டுகளை ஒப்பிடத் தொடங்கிவிடக் கூடாது. 14 சதவீதத்துக்கு மேற்பட்ட ஒயினில் லேபிள் எண் உண்மை அளவிலிருந்து ஒரு சதவீதப் புள்ளிவரை விலகியிருக்க அமெரிக்க விதி இடம் தருகிறது. 14.2 என்று போட்ட பாட்டில், 14.8 என்று போட்டதைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும்.

முதல் சுற்றை வழக்கமாக எல்லோரும் செய்வதுபோலத்தான் செய்தேன். பாட்டில்களை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். அறையின் வெப்பம் 23 டிகிரி. ஒயினும் அதே 23. பினோ நுவாருக்கென்று விற்கும் பெரிய வயிறுள்ள கிளாஸ்கள். இளையதில் தொடங்கி மூத்ததில் முடிப்பது என்று 2021 முதலில், 2013 கடைசியில். ஆறையும் ஒரே நேரத்தில் ஊற்றியாயிற்று, லேபிள்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தன.

விளைவு சொன்னேனே. 2021இன் கனமும் துவர்ப்பும் நாக்கில் அப்பிக்கொண்டு, அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் நீர்த்துத் தோன்றின. மூன்றாவது கிளாஸுக்குள் நாக்கு சோர்ந்துவிட்டது. 2013 வரும்போது அதன் மெல்லிய மணங்களைக் கேட்க யாருக்கும் காது மீதமில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் ஐந்து பேரும் ஒத்துப்போனோம்: 2020இல் சாம்பல் வாடை அடிக்கிறது. அந்த ஒற்றுமைதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. 2020 கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ ஆண்டு என்று ஐவருக்கும் தெரியும். ஆகஸ்ட் நடுவில் மழையில்லாமல் இடித்து மின்னல் விழுந்து தீ பிடித்தது. வால்பிரிட்ஜ் தீ என்று பெயர் பெற்ற பகுதி ரஷ்யன் ரிவர் பக்கமாகவே எரிந்தது. லேபிளைப் பார்த்துவிட்டு மூக்கு புகையைத் தேடினால் கிடைக்காமலா போகும்?

முதலில் கைவைத்தது வெப்பநிலையில். நல்ல பாட்டிலைச் சோதனைக்கு வீணாக்க மனமில்லை. அதே பள்ளத்தாக்கின் 14.5 சதவீதப் பினோ நுவார் ஒன்றை 25 டாலருக்கு வாங்கி, மூன்று கிளாஸில் ஊற்றி, ஒன்று 12 டிகிரி, ஒன்று 15, ஒன்று 20 என்று வைத்தேன். கம்பி முனையுள்ள சமையலறை டிஜிட்டல் வெப்பமானிதான் கருவி. விலை 18 டாலர். 20 டிகிரியில் முதலில் மூக்குக்கு வருவது ஆல்கஹால், அடுத்தது ஓக்கின் வனிலா, பழம் மூன்றாமிடத்தில். 12 டிகிரியில் சாராய நெடி அடங்கியது. ஆனால் மணமும் சேர்ந்து அடங்கி, துவர்ப்பும் புளிப்பும் மட்டும் கூர்மையாக நின்றன. 15இல்தான் மூன்றும் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. மெலிதான பினோ நுவாரில் இந்த ஐந்து டிகிரி வித்தியாசத்தை நான் இவ்வளவு கடுமையாக உணர்ந்ததில்லை. கனமான ஒயினில் தயாரிப்பு முறையின் மணம் ஆண்டின் மணத்தை மூடிக்கொண்டிருக்கிறது. சூடு ஏற ஏற மூடி இன்னும் இறுகுகிறது. முதல் சுற்றில் ஆறும் ஒன்றாகத் தெரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

13 டிகிரியில் ஊற்றி 16க்குள் சுவைத்து முடிப்பது என்று முடிவு செய்தேன். சொல்வது எளிது. குளிர்சாதனப் பெட்டி 4 டிகிரியில் ஓடுகிறது. ஒற்றைப் பாட்டில் அதில் 23இலிருந்து 13க்கு இறங்க ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. ஆனால் ஆறு பாட்டில்களை ஒன்றாக நுழைத்துப் பார்த்தபோது பின்சுவரை ஒட்டியிருந்தது 10 டிகிரி, கதவருகே இருந்தது 16. ஒப்பீட்டுக்கு இது உதவாது. அதற்குப் பதிலாக ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பனிக்கட்டி போட்டுக் கலக்கி 12.5 டிகிரிக்குக் கொண்டுவந்து, பாட்டில்களைக் கழுத்தளவுக்கு நிமிர்த்தி நிறுத்தினேன். முக்கால் மணி நேரத்தில் ஆறும் ஒரே அளவுக்கு வந்துவிட்டன. நடுவில் இரண்டு முறை பனிக்கட்டி சேர்க்க வேண்டியிருந்தது. நீரில் லேபிள்கள் உரிந்து மிதக்கும். எப்படியும் பாட்டிலை மறைக்கப்போகிறோம் என்பதால் கவலையில்லை. ஆனால் நீரில் இறக்கும் முன்பே கழுத்தில் ஆண்டை எழுதிய நாடாவை ஒட்டிவிட வேண்டும்.

அடுத்து கிளாஸ். பெரிய வயிறுள்ளதில் 50 மி.லி. ஊற்றினால் அது அடியில் மெல்லிய ஏடாகப் பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடேறிவிடுகிறது. அதனால் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 1977இல் தரப்படுத்திய சுவைப்பு கிளாஸுக்கு மாறினேன். மொத்தக் கொள்ளளவு 215 மி.லி., ஊற்ற வேண்டியது 50. பார்ப்பதற்கு அழகில்லை, பினோ நுவாரின் மணத்தைப் பெரிய கிளாஸ் அளவுக்கு விரித்துக் காட்டுவதும் இல்லை. ஆனால் ஆறு ஒயினையும் ஒரே அளவுகோலில் நிறுத்துகிறது, எனக்கு அதுதான் வேண்டும். ஐந்து பேருக்கு ஆறு வீதம் முப்பது கிளாஸ். வாடகைக்கு எடுத்தேன், ஒன்று 75 சென்ட். வந்த பெட்டியின் அட்டை வாடை கிளாஸுக்குள் ஏறியிருந்தது. சோப்பில்லாமல் வெந்நீரில் கழுவிக் கவிழ்க்காமல் காற்றில் உலரவிட்டு, ஒவ்வொரு வெறும் கிளாஸையும் முகர்ந்து பார்த்தேன். சலிப்பான வேலைதான். முப்பதில் நான்கை மறுபடி கழுவ வேண்டியிருந்தது. இந்த வேலையைத் தட்டிக்கழித்தால் பிற்பாடு ஒயின்மேல் அபாண்டம் சுமத்த நேரும்.

ஐ.எஸ்.ஓ. கிளாஸிலும் 50 மி.லி. ஒயின் 13இலிருந்து 17க்கு ஏற இருபது நிமிடம்தான் பிடிக்கிறது. ஆறு கிளாஸையும் ஒன்றாக ஊற்றினால் ஆறாவதை எடுக்கும்போது அது முதல் சுற்றின் கதைக்கே திரும்பியிருக்கும். ஆகவே மூன்று மூன்றாக இரண்டு தொகுதி. முதல் மூன்று முடிந்த பிறகே அடுத்த மூன்று தொட்டியிலிருந்து வெளியே வரும்.

வரிசையையும் தலைகீழாக்கினேன். மூத்ததில் தொடங்குவது, கனமானவற்றைப் பின்னுக்குத் தள்ளுவது, 2020ஐக் கடைசியில் வைப்பது. புகை பட்ட ஒயினின் வாடை அடுத்த கிளாஸுக்குள்ளும் தொடர்ந்து வரும். புகையிலுள்ள குவாயாகால் போன்ற சேர்மங்கள் திராட்சைக்குள் சர்க்கரையோடு பிணைந்துகொண்டு மணமில்லாமல் ஒளிந்திருக்கின்றன. வாயில் போட்ட பிறகு எச்சில் அந்தப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைப்பதால், துப்பி அரை நிமிடம் கழித்துத் தொண்டையில் சாம்பல் எழும். அடுத்த ஒயினைக் குடிக்கும்போதுதான் அது உச்சத்தில் இருக்கும் என்றால் பழி யார்மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

பாட்டிலை மறைக்கும் பொறுப்பை ஒயினைத் தொடாத என் தங்கையிடம் ஒப்படைத்தேன். காகிதப் பை போதும் என்று முதலில் நினைத்தேன். போதாது: 2013 பாட்டில் கனமான பழைய வடிவம், 2021 மெலிந்த கண்ணாடி, பையோடு தூக்கினாலே தெரிந்துவிடும். ஆகவே அவள் அடுத்த அறையில் வைத்து ஊற்றி, கிளாஸ்களை மட்டும் கொண்டுவருவது என்று ஏற்பாடு. ஒவ்வொருவர் முன்பும் வட்டங்கள் வரைந்து எண் இட்ட வெள்ளைத் தாள், கிளாஸின் அடியிலும் மெழுகுப் பென்சிலால் அதே எண். 2020 கடைசி என்ற ஏற்பாடு எனக்கும் தங்கைக்கும் மட்டும் தெரியும். அதனால் அந்த ஒயினைப் பற்றிய என் குறிப்பைக் கணக்கில் எடுக்கப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பாட்டில்களை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்தாயிற்று. பினோ நுவாரின் வண்டல் மிக நுண்ணியது, சாய்த்தால் உடனே கலங்கும். மூத்த இரண்டுக்கும் கார்க்கை இரு பக்கமும் பிடித்து இழுக்கும் இருபல் திருகி, மற்றவற்றுக்குச் சாதாரணத் திருகி. 2013இன் கார்க் பாதிவரை ஊறியிருந்தும் முழுதாக வந்தது. திறந்த உடனே ஒவ்வொன்றிலிருந்தும் 187 மி.லி. சிறு பாட்டில் ஒன்றை விளிம்புவரை நிரப்பி மூடி குளிரில் வைக்கச் சொல்லியிருந்தேன். மறுநாள் பார்ப்பதற்கும் அளப்பதற்கும் அது வேண்டும்.

2015 திறந்ததுமே பிரச்சினை. ஒயின் அருந்தாத தங்கையே "அண்ணா, இது ஈர அட்டைப்பெட்டி மாதிரி இருக்கிறதே" என்று வந்து நின்றாள். கார்க் வழியாக வரும் டி.சி.ஏ. என்ற சேர்மத்தின் வாடை அது. லிட்டருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அளவு குறைவாக இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம்: வாடை தெரியாமல் பழத்தின் மணம் மட்டும் மங்கி, ஆண்டே மோசம் என்று நினைக்கவைத்துவிடும். மாற்றுப் பாட்டில் முதல் சுற்றிலேயே காலி.

பாலிஎத்திலீன் தாள் டி.சி.ஏ.வை உறிஞ்சும் என்று படித்திருந்ததால், உணவை மூடிவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டுத்தாளை எடுத்து, அது பாலிஎத்திலீன்தான் என்று பெட்டியில் பார்த்து, இரண்டு அடி நீளம் கிழித்து, கசக்கி ஒரு ஜாடியில் போட்டு 200 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் சுழற்றினேன். அட்டை வாடை பாதிக்கு மேல் போனது உண்மை. பழத்தின் மணமும் அதோடு போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் ஒப்பேற்றலாம். ஒப்பீட்டு வரிசையில் வைக்க முடியாது. 2015ஐ விட்டுவிட்டு ஐந்தோடு தொடர்வோம் என்று அறிவித்தேன். தங்கை தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது தட்டில் ஆறு எண்களுக்கும் கிளாஸ் இருந்தது. ஆறாவது எது என்று கேட்டதற்கு, "கடைசியில் சொல்கிறேன்" என்றாள்.

துப்பும் பாத்திரம் ஆளுக்கு ஒன்று. வெட்கப்பட்டுப் பயனில்லை. ஆறு கிளாஸையும் முழுதாகக் குடித்தால் 300 மி.லி., 14.5 சதவீதத்தில் அது 34 கிராம் ஆல்கஹால். நான்காவது கிளாஸுக்குப் பிறகு எழுதும் குறிப்புக்கு மதிப்பில்லை. இடையே நீர், உப்பில்லாத ரொட்டி, ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவே இரண்டு நிமிட மௌனம். எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது.

குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்தவை இவை.

முதல் எண், 2013. விளிம்பில் செங்கல் நிறம். தேயிலை, ஈரமான இலைச் சருகு, காளான், உலர்ந்த ரோஜா இதழ். அடியில் இன்னும் சிவப்புப் பழத்தின் இனிப்பு. முதல் சுற்றில் "தண்ணீர்" என்று ஒருவர் எழுதிய அதே ஒயின் இது. முதலில் வந்ததாலும் 14 டிகிரியில் இருந்ததாலும் இப்போது ஐந்து பேரில் மூவர் அதற்கு முதலிடம் கொடுத்தார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் அது நிற்கவில்லை. மணம் சரசரவென்று இறங்கியது. திறந்தால் காத்திருக்கக் கூடாத பாட்டில்.

இரண்டாம் எண், 2018. வெளிறிய நிறம் பார்த்து இருவர் இதை 2013 என்று எழுதினார்கள். பினோ நுவாரில் நிறத்தை வைத்து வயதைச் சொல்லப் போவது வம்பு. 2018 நீண்ட, மிதமான, சுடாத பருவம், விளைச்சலும் மிகுதி. கிளாஸில் அது அப்படியே தெரிந்தது: புதிய செர்ரி, ஆரஞ்சுத் தோல், நிமிர்ந்த புளிப்பு, எந்த இடத்திலும் துருத்தாத ஓக். சத்தம் போடாத ஒயின். சத்தம் போடுகிறவற்றுக்கு நடுவே முதல் சுற்றில் இதைப் பற்றி நான் எழுதியிருந்தது ஒரே சொல்: "சரி."

மூன்றாவது 2017. அந்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் வட கலிஃபோர்னியா கொதித்தது. எப்போதும் குளிர்ந்திருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே செப்டம்பர் 1 அன்று 41 டிகிரி. பினோ நுவார் பறிக்கும் நேரம் அது. கிளாஸில் வேகவைத்த பிளம், உலர்திராட்சை, நடுவில் ஒரு குழைவு, பின்சுவை சட்டென்று முடிந்து தொண்டையில் சூடு. 13 டிகிரியில் ஊற்றியபோது இனிமையாகவே இருந்தது, 17க்கு ஏறியதும் கலைந்தது. அக்டோபரில் டப்ஸ் என்ற காட்டுத்தீ வந்தபோது பினோ நுவார் பெரும்பாலும் பறிக்கப்பட்டுவிட்டது. யாருக்கும் இதில் புகை தெரியவில்லை.

நான்காவது எண்ணுக்கு ஐவரும் ஆளுக்கொரு ஆண்டு சொன்னோம். நான் "2015இன் மிச்சத்தைத் தேற்றிக் கொண்டுவந்திருக்கிறாள்" என்று எழுதினேன். செர்ரி, சற்று மெலிந்த உடல், 2017ஐவிடப் புளிப்பு. முடிவில் தங்கை சொன்னாள்: அது மறுபடியும் 2018. இரண்டும் ஒன்று என்று கண்டுபிடித்தவர்கள் இருவர். மற்ற மூவரும், நான் உட்பட, ஒரே ஒயினுக்கு வெவ்வேறு மதிப்பெண் போட்டிருந்தோம்; என் இரண்டு மதிப்பெண்ணுக்கும் இடைவெளி இருபதில் ஒன்றரை. அதாவது இந்த மேசையில் ஒன்றரை மதிப்பெண்ணுக்குக் குறைவான வித்தியாசம் எதையும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கருவியும் சொல்லித்தராத விஷயத்தை இந்தக் குறும்பு சொல்லிக்கொடுத்தது. இரண்டாவது முறை உயர்வாகத் தெரிந்ததற்கு 2017க்குப் பின்னால் வந்ததுதான் காரணம். குழைந்த ஒயினுக்குப் பிறகு புளிப்புள்ளது எதுவானாலும் வாயைக் கழுவிவிட்டதுபோல் இருக்கும்.

ஐந்தாவது, 2021. கடும் வறட்சி ஆண்டு. சிறிய மணிகள், குறைந்த விளைச்சல். மணி சிறுத்தால் சாற்றுக்குத் தோலின் பங்கு கூடும். கறுத்த செர்ரி, கிராம்பு, இறுகிய டானின் (தோல் தரும் துவர்ப்பு), வறுத்த ஓக். ஒருவர் "புகை, 2020" என்று தயங்காமல் எழுதிவிட்டார். அவரைச் சிரிப்பதற்கில்லை. பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டும்போது உண்டாகும் மணத்திலும் அதே குவாயாகால் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க எங்களுக்குப் பயன்பட்டது நேரம் மட்டுமே. ஓக்கின் புகை மூக்கில் முதலிலேயே தெரிந்து, துப்பியதும் குறைகிறது. தீயின் புகை மூக்கில் ஏறக்குறைய இல்லை. துப்பிய பிறகு ஏறுகிறது.

ஆறாவது 2020. என்னைத் தவிர்த்த நால்வரில் சாம்பலைக் குறித்தவர்கள் இருவர். மற்ற இருவருக்கும் அது "இனிப்பான, மிருதுவான, கொஞ்சம் கசந்து முடியும்" ஒயின். ஒருவர் தன் வரிசையில் மேலேயே வைத்தார். எச்சிலின் வேலை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் இது நடக்கக்கூடியதே. லேபிளைப் பார்த்தபோது ஐந்துக்கு ஐந்து, பார்க்காதபோது நாலுக்கு இரண்டு. 2020 அறுவடையில் பினோ நுவாரே வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்த தயாரிப்பாளர்கள் உண்டு. அப்போது பரிசோதனைக் கூடங்களில் மாதிரிகள் குவிந்து, பறிக்க வேண்டிய நாள் கடந்த பிறகும் முடிவு வராமல் பலர் தவித்தார்கள். அந்த நெருக்கடியில் செய்யப்பட்ட ஒயின் இந்த அளவுக்கு வந்திருப்பதே பெரிது என்பது என் கட்சி. ஆனால் நாள் செல்லச் செல்லப் பிணைப்பு உடைந்து வாடை கூடலாம் என்பதால் சேமித்துவைக்க மாட்டேன்.

மறுநாள் சிறு பாட்டில்களை எடுத்து பி.எச். அளந்தேன்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். 45 டாலர் மீட்டர், உடன் வரும் 4.01, 7.00 திரவங்களில் சரிசெய்தேன். ஒயினின் அளவு இவ்விரண்டுக்கும் கீழே விழுவதால் இன்னொரு சரிபார்ப்பு தேவைப்பட்டது. கேக் செய்யப் பயன்படும் கிரீம் ஆஃப் டார்ட்டர் பொடியை வாலைவடி நீரில் கரையும் அளவுக்கு மேல் போட்டுக் குலுக்கித் தெளியவிட்டால், தெளிந்த நீரின் பி.எச். 25 டிகிரியில் 3.56 இருக்க வேண்டும். என் மீட்டர் 3.62 காட்டியது. எல்லா அளவிலும் 0.06 கழித்த பிறகு: 2018 3.55, 2013 3.62, 2021 3.66, 2020 3.70, 2017 3.78. நாக்கு சொன்ன புளிப்பு வரிசையும் இதுவும் ஒன்றாகவே வந்தன. ஆகவே மீட்டர் இல்லாமலும் காரியம் நடந்திருக்கும். 45 டாலரும் ஒரு மாலையும் எனக்குப் பிடித்த விளையாட்டுக்கான செலவு என்று எழுதிக்கொள்கிறேன்.

பெரிய பாட்டில்களில் அரைகுறையாக நின்றதையும் சிறு பாட்டிலில் இருந்ததோடு ஒப்பிட்டேன். 2018 மட்டும் இரண்டு முறை ஊற்றியதில் தீர்ந்துவிட்டது. சிறு பாட்டிலில் இருந்தது முந்தைய நாள்போலவே இருந்தது. 2013 காற்றுபட்ட பாட்டிலில் தட்டையாகிவிட்டது, சிறு பாட்டிலில் பிழைத்திருந்தது. 2017 இரண்டிலும் உலர்திராட்சைப் பக்கம் நகர்ந்திருந்தது. 2021 மட்டும் காற்றுபட்ட பாட்டிலில்தான் சிறப்பு: டானின் தளர்ந்து, ஓக்குக்குக் கீழே இருந்த பழம் மேலே வந்தது. அதை மூன்று மணி நேரமாவது முன்கூட்டி டிகாண்டரில், அதாவது காற்றுபட வைக்கும் அகன்ற குடுவையில், ஊற்றியிருக்க வேண்டும். முன்பு ஆறுக்கும் ஒரே விதி வைத்தால்தான் நியாயம் என்று நினைத்தேன். இப்போது அந்த நியாயம் 2021க்கு அநியாயம் என்று தோன்றுகிறது.

அடுத்த சுற்றுக்கு மாற்ற வேண்டியவை அதிகமில்லை. ஆண்டுக்கு மூன்று பாட்டில் வாங்க வேண்டும். கார்க் போன பாட்டிலுக்கு ஈடு அப்போதுதான் இருக்கும். செலவை ஈடுகட்ட ஆண்டுகளின் எண்ணிக்கையை நான்காகக் குறைப்பேன், நாக்குக்கும் நாலுதான் தாங்கும். அதே ஒயினை மறைவாக இருமுறை ஊற்றுவது இனி நிரந்தர விதி. எதை, எப்போது என்று தங்கைதான் முடிவு செய்வாள். 2020ஐ அடுத்த முறை தனியாக, வேறொரு நாளில் வைப்பேன், அப்போதுதான் என் குறிப்பையும் கணக்கில் சேர்க்க முடியும். பெரிய கிளாஸ்களை முதல் தேர்வு முடிந்த பிறகு, பிடித்த ஒன்றை ஊற்றி அமைதியாகக் குடிப்பதற்கு வைத்துக்கொள்வேன். 2023 பருவம் குளிர்ந்து, அறுவடை வெகுவாகத் தள்ளிப்போன ஆண்டு. அதில் மூன்று பாட்டிலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். 2018க்குப் பக்கத்தில் அதைத்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு 2018 இன்னும் இரண்டு பாட்டில் தேட வேண்டும், ஏலத்தில் இப்போது 80 டாலர் கேட்கிறார்கள்.